பசி எங்கிருந்து வருகிறது? டீச்சரிடம் கேளுங்கள்

மார்த்தாண்டம், குலசேகரம், பாறசாலை என்று தமிழக-கேரள எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்தியவள் நான், டாக்டர் இல்லை. மருந்து எழுதித்தரக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இருக்காது.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால்வெட்டு): பால்வெட்டி முடித்து எட்டரைக்குக் கஞ்சி குடிப்பேன். மழையில் வெட்டு இல்லாமல் சும்மா இருந்தாலும் அதே எட்டரைக்குப் பசிக்கிறதே, டீச்சர்?

காரணம் கிரெலின். இரைப்பையில் சுரக்கிற ஹார்மோன். 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழு கண்டுபிடித்தது. வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது ரத்தத்தில் ஏறி, மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி சொல்லும். அங்கே பசியைக் கிளப்பும் நரம்பணுக்களும், போதும் என்று அடக்கும் நரம்பணுக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிரெலின் முதல் கூட்டத்தை எழுப்பிவிடும். உழைத்தீர்களா என்பதோடு, பழகிய நேரத்தையும் உடம்பு கணக்கு வைத்திருக்கிறது. ஒருநாள் கஞ்சி தாமதமானால் கவனியுங்கள், கொஞ்ச நேரத்தில் பசி தானாகத் தணியும். சாப்பிடாவிட்டாலும் கிரெலின் இறங்கிவிடும். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

கேள்வி (குழித்துறை): மகளுக்கு 16 வயது. எடை 90 கிலோ. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று அவள் அப்பா திட்டுகிறார். நானும் திட்டியிருக்கிறேன்.

அக்கா, உங்களுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும். அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகத்தில் சில எலிகள் அடங்காமல் தின்று கொழுத்தன. டக்ளஸ் கோல்மன் அப்படி ஒரு எலியின் ரத்த ஓட்டத்தைச் சாதாரண எலியோடு இணைத்தார். கொழுத்த எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. அதன் உடம்பில் இல்லாத ஏதோ ஒன்று மற்றதன் ரத்தத்தில் இருந்து வந்திருக்கிறது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைப் பிடித்தது. அதுதான் லெப்டின். கொழுப்பில் சுரந்து, "சேமிப்பு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன். பிறவியிலேயே லெப்டின் இல்லாத குழந்தைகள் மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு ஊசியில் லெப்டின் கொடுத்ததும் அந்தப் பெரும்பசி அடங்கியது.

ஆனால் எடை கூடிய பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் நிறையவே இருக்கிறது, மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. பட்டினி போட்டால் லெப்டின் சட்டென்று இறங்கும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை பசியைக் கூட்டும். அதனால் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவதை இன்றோடு இரண்டு பேரும் நிறுத்துங்கள். அவள் பசி பொய்யில்லை.

கேள்வி (அருமனை): பையன் ஒல்லி. சதைபோட மெடிக்கலில் மாத்திரை தந்தார்கள், நன்றாகப் பசிக்கிறது.

உடனே அந்த மாத்திரையோடு டாக்டரிடம் போங்கள். சதைபோடும் மாத்திரை என்று விற்பதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், சதையும் போடும், கூடவே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பல நாள் தின்றிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கேள்வி (மூன்று பேர்): குறைத்துச் சாப்பிட்டால் வயிறு சுருங்குமா?

இரைப்பை சின்னதாகிவிடாது. விரிந்து கொடுக்கும் அளவுதான் கொஞ்சம் மாறும். நான்காவது முறை கேட்க வேண்டாம்.

கேள்வி (பாறசாலை): போன வாரம் டீச்சர் மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) குறை சொன்னது தப்பு. எங்கள் தாத்தா அதைத் தின்றுதான் வயல் உழுதார்.

அண்ணாச்சி, இதற்கு ஆதரவாக ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு அது. பர்மா அரிசி நின்றுபோன இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம் பாட்டிமாரைக் காப்பாற்றியது. அதை நான் குறை சொல்வேனா? வெறும் கிழங்கும் சாயாவும் என்றால் சீக்கிரம் பசிக்கும் என்றுதான் சொன்னேன். கிழங்கில் புரதம் மிகக் குறைவு. புரதமும் கொழுப்பும் சிறுகுடலுக்கு வந்தால் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, வயிற்றையும் மூளையையும் இணைக்கிற வேகஸ் நரம்பு வழியாகப் போதும் என்ற செய்தி மூளைக்குப் போகும். ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்று வேறு ஹார்மோன்களும் சேர்ந்துகொள்ளும். தாத்தா கிழங்கோடு சாளை மீன்கறி சேர்த்திருப்பாரே!

கேள்வி (களியக்காவிளை, இரவுக்கடை): தூக்கம் கெட்டால் பசி கூடுமா?

கூடும். 2004-ல் வந்த ஓர் ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கிரெலின் 28 சதவீதம் ஏறியது, லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பகலில் அறையை இருட்டாக்கித் தூங்குங்கள், மக்களே. பசிக்காமலிருக்க ஊசி கேட்டவர்களும் டாக்டரிடம் போங்கள்.

மறுபடி பாறசாலை: சாளை விலை ஏறிக் கிடக்கிறதே, டீச்சர்?

சிறுபயறு அவித்துச் சேருங்கள், அண்ணாச்சி. கஞ்சியோடு நாம் எப்போதும் தின்கிற பயறுதான்.