கியர்பாக்ஸ் ஆயில் பிங்க்கா மாறிடுச்சா? மாத்துறதுக்கு முன்னாடி கூலரப் பாருங்க

கேள்வி: அண்ணே, மொரீஷியஸ் கிராண்ட் பேல நிக்கிற பழைய போட் ஒண்ணு வாங்கியிருக்கேன், 28 அடி, டீசல் இன்போர்டு, அதாவது இன்ஜின் போட்டுக்குள்ளயே இருக்கு. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்தா ஆயில் அலூடா பால் சர்பத் மாதிரி பிங்க்கா, கெட்டியா இருக்கு. மெக்கானிக் ஆயில மாத்தினா சரியாப் போயிடும்கிறார். எந்த ஆயில், எவ்வளவு ஊத்தணும்? கியர்பாக்ஸ் மேல இருக்கிற பிளேட் அரிச்சுப்போய் படிக்கவே முடியல. ஞாயித்துக்கிழம வீட்டாளுங்களோட கேப்ரியல் தீவு போறதா இருக்கோம்.

பதில்: தம்பி, ஞாயித்துக்கிழம போகாதீங்க, அத முதல்ல சொல்லிடுறேன். கேப் மலேரே தாண்டி குவான் தெ மீர் தீவு பக்கம் நீரோட்டம் எப்படி இழுக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்க போய் கிளட்ச் பிடிக்கலன்னா இன்ஜின் நல்லா ஓடிட்டே இருக்கும், போட் மட்டும் நகராது.

ஆயில மாத்தத்தான் வேணும், மெக்கானிக் சொன்னதுல அது சரி. ஆனா அது மட்டும் போதாது. சிவப்பு ஆயில் பிங்க்கா வெளுத்துப்போச்சுன்னா உள்ள தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம், அந்தத் தண்ணி வந்த வழிய அடைக்காம புது ஆயில் ஊத்தினா கொஞ்ச நாள்ல அதுவும் பிங்க்காயிடும், காசுதான் தண்டம்.

ஒரு சின்ன டெஸ்ட் பண்ணிப் பாருங்க. கொஞ்சம் ஆயில ஒரு கண்ணாடி பாட்டில்ல எடுத்து ராத்திரி முழுக்க அப்படியே வைங்க. காலைல நுரை அடங்கி தெளிஞ்ச சிவப்பா ஆயிடுச்சுன்னா அது வெறும் காத்து, அளவுக்கு மேல ஆயில் ஊத்தியிருந்தாக்கூட அப்படி நுரைக்கும். தெளியாம அதே பிங்க்கா நின்னா இல்ல அடியில தண்ணி பிரிஞ்சு நின்னா சந்தேகமே வேணாம்.

தண்ணி வர்றது பெரும்பாலும் ஆயிலோட சூட்டத் தணிக்கிற ஆயில் கூலர் வழியாத்தான். கூலருக்குள்ள சின்னச் சின்ன குழாய்ல கடல் தண்ணி ஓடும், அதச் சுத்தி ஆயில் ஓடும். பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற நம்ம லகூன் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், உப்பும் சேர்ந்து அந்தக் குழாய உள்ளருந்து அரிச்சு ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டுடும். இன்ஜின் ஓடும்போது ஆயில் பக்கந்தான் சாதாரணமா பிரஷர் ஜாஸ்தி, அதனால அப்ப ஆயில்தான் கடலுக்குப் போகும், எக்ஸாஸ்ட் தண்ணி விழுற இடத்துல வானவில் கலர்ல படலம் மிதக்கும். இன்ஜின நிறுத்தினதும் ஆயில் பிரஷர் போயிடும், குழாய்ல நிக்கிற தண்ணி மெதுவா உள்ள இறங்கும். அதனாலதான் ஒரு நாள் லெவல் குறைஞ்சிருக்கும், இன்னொரு நாள் ஊத்தாமலே ஏறியிருக்கும்.

கூலர கழட்டி ஒரு ரேடியேட்டர் ஷாப்ல பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. ஆயில் பக்கம் ஒரு வாய அடைச்சு இன்னொரு வாயில காத்து கொடுத்து தண்ணித் தொட்டியில முக்குவாங்க, குமிழி வந்தா ஓட்டை. ஓட்டையிருந்தா பத்தவச்சுத் தரேன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, ஒரு இடம் அரிச்சிருந்தா பக்கத்துக் குழாயும் அரிச்சுத்தான் இருக்கும். புதுசே வாங்கிடுங்க, கியர்பாக்ஸ் விலைக்கு முன்னாடி அது ஒண்ணுமேயில்ல. சில சின்ன மெக்கானிக்கல் கியர்பாக்ஸ்ல கூலரே கிடையாது, உங்களோடது அப்படின்னா பில்ஜ் தண்ணி, அதாவது போட் அடியில தேங்குற தண்ணி ஏறி டிப்ஸ்டிக் மூடி வழியாவோ ஷாஃப்ட் சீல் வழியாவோ போயிருக்கணும்.

இப்ப எந்த ஆயில்னு கேட்டீங்க. பிங்க்கா இருக்குன்னா பழைய ஓனர் ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் காருக்கு ஊத்துற சிவப்பு ஆயில், ஊத்தியிருக்கார், அவ்வளவுதான் தெரியுது, அவர் ஊத்தினது சரிதானான்னு அதுலருந்து தெரியாது. வெல்வெட் டிரைவ், இசட்எஃப் ஹுர்த் மாதிரி கம்பெனி கியர்பாக்ஸுக்கெல்லாம் வழக்கமா டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான். யான்மார் கேஎம் வரிசை சின்ன கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில், ட்வின் டிஸ்க்குக்கும் பெரும்பாலும் இன்ஜின் ஆயில்தான். அதனால ஊகத்துல ஊத்தாதீங்க. பிளேட்ட கம்பி பிரஷ் போட்டு தேய்க்காம டீசல் தொட்ட துணியால மெதுவா தொடச்சு, டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, குத்தின எழுத்து நிழல்ல தெரியும். தெரியலன்னா நாலு பக்கமும் போட்டோ எடுத்து இன்ஜின் டீலர்கிட்ட காட்டுங்க. சிவிடி கார் ஆயில், அவுட்போர்டு (போட்டுக்கு வெளிய மாட்டுற இன்ஜின்) அடியில ஊத்துற 90 நம்பர் கியர் ஆயில் ரெண்டும் இதுக்கு ஆகவே ஆகாது.

எவ்வளவுங்கிறத டிப்ஸ்டிக்தான் சொல்லணும். உள்ளருந்து எடுத்தத அளந்து அதே அளவு ஊத்தலாம்னு நினைக்காதீங்க, அதுல தண்ணியும் சேர்ந்திருக்கு. டிப்ஸ்டிக் பாக்குறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. ஹுர்த், யான்மார் மாதிரி மரை வச்ச டிப்ஸ்டிக்க துடைச்சு உள்ள விட்டு, முறுக்காம சும்மா மேல உக்கார வச்சுத்தான் பாக்கணும், முறுக்கிப் பாத்தா லெவல் ஜாஸ்தியா காட்டும், நீங்க குறைச்சு ஊத்திடுவீங்க. வெல்வெட் டிரைவ்னா இன்ஜின ஓட்டி ஆயில் சூடான பிறகு, நிறுத்தின உடனே பாக்கணும், ஏன்னா நேரமாச்சுன்னா கூலர்ல இருக்கிற ஆயில் திரும்பி வந்து லெவல ஏத்திக் காட்டிடும்.

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்ப்போட சுவிட்ச அணைங்க. கியர்பாக்ஸ் அடியில டிரெய்ன் பிளக் இருந்தாலும் பாத்திரம் வைக்க இடம் இருக்காது, டிப்ஸ்டிக் ஓட்டை வழியா கை பம்ப்பால உறிஞ்சுறதுதான் சுலபம், அப்பக்கூட ஒரு கரண்டி ஆயிலாவது பில்ஜ்ல சிந்தும். பம்ப் ஆன்ல இருந்தா அது நேரா லகூனுக்குத்தான் போகும். 2020 ஆகஸ்ட்ல வகாஷியோ கப்பலோட எண்ணெய் மேபூர் பக்கம் கரை ஒதுங்கினப்ப, கரும்புச் சோகைய திணிச்சு மிதவை தைச்ச ஊர் இது, நம்ம பங்குக்கு ஒரு சொட்டு கூட விடவேணாம்.

ஆயில் லேசா சூடா இருக்கும்போது உறிஞ்சினா நல்லா வரும். கூலர் ஹோஸ் ரெண்டையும் கழட்டி அதுல இருக்கிறதயும் வடிச்சிடுங்க, நிறைய பேர் விட்டுடுற இடம் இது, ஹோஸ்ல தங்கின உப்புத்தண்ணி ஆயில் புது ஆயில உடனே கெடுத்துடும். புது கூலர் மாட்டி, விலை கம்மியான, ஆனா அதே வகை ஆயில ஊத்தி, போட்ட நல்லா கட்டிவச்சு, ஐடில்ல நியூட்ரல்ல கொஞ்ச நேரம், அப்புறம் ஃபார்வர்டு, ரிவர்ஸ்ல கொஞ்சங் கொஞ்சம் ஓட்டிட்டு திரும்ப எடுத்துடுங்க. கலங்காம தெளிஞ்சு வர்ற வரைக்கும் இதையே செய்யணும், ரெண்டு மூணு தடவ ஆகும். அதுக்கப்புறம் ஃபில்டர் இருந்தா மாத்திட்டு, டிரெய்ன் பிளக் திறந்திருந்தா செம்பு வாஷரும் புதுசு போட்டுட்டு, நல்ல ஆயில ஊத்துங்க. சீக்கிரம் சுத்தமாகும்னு மண்ணெண்ணெய் ஊத்தி கழுவச் சொல்லுவாங்க, வேணாம், சீலும் கிளட்ச் பிளேட்டும் கெட்டுடும்.

எடுத்த பழைய ஆயில ஒரு வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. மைய அரைச்ச சாம்பல் கலர் பூச்சு பழைய கியர்பாக்ஸ்ல சகஜம். கண்ணுக்குப் பளபளன்னு இரும்புத் துணுக்கு தெரிஞ்சா இல்ல கருகின வாடை வந்தா, உப்புத்தண்ணி ஏற்கனவே பேரிங்கயும் கிளட்சயும் தின்ன ஆரம்பிச்சுடுச்சு, கியர்பாக்ஸ் பிரிக்கத் தெரிஞ்சவர கூப்பிடுங்க. கருகின வாடைக்கு இன்னொரு காரணமும் உண்டு, கியர் கேபிள். ஸ்டீரிங் பக்கத்துல நீங்க லீவர முழுசா தள்ளினாலும் கேபிள் தளர்ந்திருந்தா கியர்பாக்ஸ்ல இருக்கிற லீவர் முழுசா போகாது, கிளட்ச் பாதி பிடிச்சு வழுக்கும். ஒருத்தர மேல லீவர தள்ளச் சொல்லிட்டு இன்ஜின் நிறுத்தியிருக்கும்போதே கீழ உக்காந்து பாருங்க.

எல்லாம் முடிஞ்சா முதல்ல லகூனுக்குள்ளயே ஒரு மணி நேரம் ஓட்டிட்டு ஆயில் கலரப் பாருங்க, மறுநாள் காலைல இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம இன்னொரு தடவ பாருங்க, ஏன்னா இன்ஜின் நின்னிருக்கும்போதுதானே தண்ணி உள்ள இறங்கும். ரெண்டு தடவயும் கலங்காம தெளிவா இருந்தா பாஸ, அதாவது பவளப்பாறைக்கு நடுவுல இருக்கிற வழிய தாண்டி வெளிய போகலாம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ, நவம்பர்ல சைக்ளோன் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி போட்ட மேல ஏத்துறப்பவே ஆயில மாத்திக்கிட்டா தனியா ஞாபகம் வச்சுக்க வேணாம். அப்படியே கூலர்ல ஜிங்க் துண்டு (கூலருக்குப் பதிலா தான் அரிச்சுப்போறது) மாட்டுற வசதி இருந்தா அதயும் கழட்டிப் பாருங்க, பாதி கரைஞ்சிருந்தா புதுசு போட்டுடுங்க.