இருட்டான இடத்துக்கு எந்த லைட்? வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் பொன்னுருக்கல். சின்ன அறை, முகட்டில் ஒரேயொரு மின்குமிழ். என்னிடம் ஒரு ஃபிளாஷ் இருக்கிறது. எல்ஈடி பனலும் வாங்கத்தான் வேண்டுமா, அண்ணா?

பதில்: வாங்குங்கள், ஆனால் பெரியது வேண்டாம். தாலிக்குப் பொன்னை உருக்கும் சடங்கல்லவா, பொன்னுருக்கலில் படமே அந்த நெருப்புதான். பத்தர் ஊதும்போது கரி சிவந்து, அந்த வெளிச்சம் சுற்றி நிற்பவர்களின் முகத்தில் விழும். நேராக ஃபிளாஷ் அடித்தால் சிவப்பெல்லாம் போய், கரி வெறும் கரியாகவே தெரியும். நிறம் மாற்றக்கூடிய சின்னப் பனல் ஒன்றை 3,000 கெல்வினுக்குக் கீழே இறக்கி (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் செம்மஞ்சளாகும்), குறைந்த வெளிச்சத்தில், பக்கத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சைச் சுவரென்றால் முகமும் பச்சை. கெமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றப் பயப்பட வேண்டாம்.

முகட்டு மின்குமிழ் வெள்ளை நிறமென்றால் அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். "நல்ல நேரத்திலை லைற்றை நூர்க்கிறதோ?" என்று அம்மம்மா ஏசினால் விட்டுவிடுங்கள், பனலையும் அதே வெள்ளைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே முகத்தில் இரண்டு நிற வெளிச்சம் விழுந்தால் பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு. ஃபிளாஷைக் குடும்பப் படத்துக்கு வைத்திருங்கள், அதையும் முகட்டை நோக்கி அடியுங்கள்.

கேள்வி: கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலில் பரதநாட்டிய மாணவி ஒருவரைப் படமெடுக்கக் கேட்கிறார்கள். என்ன கொண்டுபோவது?

பதில்: முதலில் நிர்வாகத்தின் அனுமதி. படமெடுக்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஸ்டாண்ட் வைக்கலாமா, எந்த இடம் வரை போகலாம், பூசை இல்லாத நேரம் எது என்பதையும் கேளுங்கள்.

பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய கோயில் அது. வீட்டில் செய்வதுபோல முகட்டுக்கு அடித்து வெளிச்சத்தைத் திருப்பும் வேலை அங்கே பலிக்காது, கல் குடித்துவிடும். வெளிச்சம் ஆளுக்குப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். இங்கே எல்ஈடியை விட பற்றரி ஃபிளாஷ் நல்லது. கணக்கைப் பாருங்கள்: 60 வாட் எல்ஈடி, 1/100 செக்கனில் செலவிடுவது 0.6 வாட்-செக்கன். கோடொக்ஸ் ஏடி200 போன்ற ஒன்று முழு வலுவில் ஒரே வெட்டில் 200 வாட்-செக்கனைக் கொட்டும். எல்ஈடி மின்சாரத்தைச் சிக்கனமாக வெளிச்சமாக்கும் என்று சேர்த்துப் பார்த்தாலும் இரண்டும் கிட்டவும் வராது. மாணவி துள்ளும்போது சலங்கை அசையாமல் பதிய வேண்டுமென்றால் ஃபிளாஷேதான்.

வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சொஃப்ட்பொக்ஸ், அதில் சின்னது ஒன்றைப் போட்டு ஒன்றரை மீற்றரில் பிடியுங்கள். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்பதால் பின்னால் உள்ள தூண்கள் தானாகவே இருளில் ஒதுங்கும். அந்த இருட்டை நிரப்ப இரண்டாவது லைட் வைக்காதீர்கள், கோயிலின் அழகே அதில்தான் இருக்கிறது. எண்ணெய் விளக்கின் நிறம் ஏறத்தாழ 1,900 கெல்வின், ஃபிளாஷ் 5,600. அதனால் ஃபிளாஷின் முன்னால் சிடிஓ என்ற செம்மஞ்சள் தாளைப் போட்டு, கெமராவின் வைட் பலன்ஸை 3,200இல் வையுங்கள். ஷட்டரை 1/30க்கு இறக்கினால் பின்னால் உள்ள விளக்குகளும் படத்துக்குள் வரும். அப்புறம், ஸ்டாண்டுக்குப் பதிலாக லைட்டைப் பிடிக்க ஒரு தம்பியைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. கும்பிட வருபவர்களின் காலில் எதுவும் தடுக்காது.

கேள்வி: புறக்கோட்டையில் மலிவாக ஒரு பனல் பார்த்தேன். பெட்டியில் சிஆர்ஐ 95 என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: பெட்டியை விடுங்கள், கடையிலேயே போட்டுப் பாருங்கள். சிஆர்ஐ என்பது ஒரு லைட் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் எண், அதை வெளிறிய எட்டு நிறங்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அழுத்தமான சிவப்பு அதில் சேர்த்தியில்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் உண்டு. நமக்கோ குங்குமமும் கூறைச் சேலையும் தான் முக்கியம். சிவப்புத் துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதையும் உங்கள் உள்ளங்கையையும் அந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். சிவப்பு மண்ணிறமாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து வெளிச்சத்தைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, ஷட்டர் 1/1000இல் ஒரு படம். கோடு கோடாக விழுந்தால் அதுவும் வேண்டாம்.

மண்டபத்து லைட்டுகளிலும் இந்தக் கோடு வரலாம். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

கேள்வி: 60 வாட் லைட்டுக்குப் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும்? சென்னைக்கு விமானத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: பற்றரியில் வாட்-ஹவர் என்று இருக்கும் எண்ணை லைட்டின் வாட்டால் வகுங்கள். 47 வாட்-ஹவர் பற்றரி முழு வெளிச்சத்தில் முக்கால் மணித்தியாலம், பழையதென்றால் அதுவும் இல்லை. விமானத்தில் உதிரிப் பற்றரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. ஒன்று 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் சிக்கல் இல்லை. அதைத் தாண்டி 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். முனைகளுக்கு டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: காலிமுகத்திடலில் சூரியன் இறங்கிய பிறகு ஒரு ஜோடிப் படம். குடை விரிக்கலாமா?

பதில்: வேண்டாம். கடற்காற்றுக்குக் குடையும் ஸ்டாண்டும் சேர்ந்தே விழும். மணல்பை போட்ட ஸ்டாண்டில் சின்னத் தலை ஃபிளாஷ் போதும். வானம் நிமிடத்துக்கு நிமிடம் இருட்டிக்கொண்டே போகும். ஷட்டரையும் கூடவே இறக்கிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பின்னால் கடல் இருப்பதே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உப்புப் படிந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.