ஐந்து பேர் லைசென்ஸில் ஒன்பது பேர்

கேள்வி: மண்டபத்தில் நண்டு, இறால் எடுத்து ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். கணக்கு சாஃப்ட்வேருக்கு ஐந்து பயனர் லைசென்ஸ் இருக்கிறது. பாம்பன், தொண்டி ஆட்களையும் சேர்த்து ஒன்பது பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். மச்சானின் ஐஸ் கம்பெனி கணக்கும் அதில்தான். ஒரே நேரத்தில் ஐந்து பேரைத் தாண்டியதில்லை. இப்போது சாஃப்ட்வேர் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஜெயில் வரை போகுமா?

பதில்: பில்லை விடுங்கள், ஒப்பந்தத்தை எடுங்கள். நிறுவும்போது நாம் படிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிறோமே, அதுதான் ஒப்பந்தம். அதில் 'நேம்டு யூசர்' என்றிருந்தால் பெயர் பதிந்த ஐந்து பேருக்கு மட்டுமே உரிமை. ஆறாவது ஆள் அவர்கள் பாஸ்வேர்டில் நுழைந்தாலே மீறல். மற்றவர்கள் லீவில் இருந்தாலும் சரி. 'கன்கரன்ட்' என்றிருந்தால் ஒன்பது பேரும் மாறி மாறி நுழையலாம், ஒரே நேரத்தில் ஐந்தைத் தாண்டாதவரை. ஆனால் சில கன்கரன்ட் லைசென்ஸ்கள் ஒரே அலுவலகத்துக்கு மட்டும்தான் செல்லும். அப்படியானால் தொண்டியில் மாட்டுவீர்கள்.

எனக்குக் கவலை மச்சான்தான். குடும்பம் ஒன்றானாலும் நிறுவனங்கள் இரண்டு, ஜிஎஸ்டி எண்ணும் இரண்டு. ஒப்பந்தம் வெளிப்படையாக அனுமதிக்காவிட்டால் அவர் அந்நியர்தான். இன்றே நிறுத்துங்கள்.

ஜெயில் பேச்சு பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 63பி பிரிவிலிருந்து வருவது. உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர். இணையம் வழியாக ஓடும் சாஃப்ட்வேரில் பாஸ்வேர்டை உங்களுக்குள் பகிர்ந்தது மட்டும்தான் என்றால், இது பெரும்பாலும் ஒப்பந்த மீறல், பணத் தகராறு. கூடுதல் கணினிகளில் நிறுவியிருந்தால் கதை வேறு. அது நகலெடுத்த குற்றச்சாட்டாகும். 52-ஆம் பிரிவு பேக்கப் நகலைக் காப்பாற்றும், தொண்டியில் ஓடும் நகலைக் காப்பாற்றாது.

பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள். ஐந்தைத் தாண்டவில்லை என்பதற்கு லாகின் பதிவுதான் உங்கள் சாட்சி. கம்பெனி ஆட்கள் சோதனைக்கு வந்தால், ஒப்பந்தத்தில் ஆடிட் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். அவர்கள் நீட்டும் சமரசக் கடிதத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்படியும் பேரம் வரும். அப்போது மூன்று ஊருக்கும் பொருந்தும் கன்கரன்ட் லைசென்ஸ் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பயனர் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்றும் கேட்டு, ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.