பாலம் ஒன்று, பார்வை இரண்டு: முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் சித்திரம் படிப்பிக்கிறேன். மண்டபத்துக்குப் போகும் வழியில் 8 அடி அகலப் படம் ஒன்று வைக்க நினைக்கிறோம். இடப்பக்கமிருந்து வருபவருக்கு மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பழைய பாலம், வலப்பக்கமிருந்து வருபவருக்குப் புதிய பாலம் தெரியவேண்டும். மட்டையை விசிறிபோல மடித்து, ஒரு பக்க முகங்களில் ஒரு படம், மறுபக்க முகங்களில் மற்றது என்று சின்னதாகச் செய்து பார்த்தோம், இரண்டும் கலந்து தெரிகிறது. ‘இதற்கு லெண்டிகுலர் தாள்தான் (பார்க்கும் பக்கம் மாறினால் படமும் மாறும், வில்லை வரிகள் உள்ள பிளாஸ்டிக் தாள்) சரி, கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன், பாதிக் காசு முதலில்’ என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ரீச்சர். உங்கள் வேலைக்கு மடித்த பலகையே போதும். யாக்கோவ் அகம் என்ற ஓவியர் 1950களிலேயே முக்கோண வரிகள் கொண்ட பலகையில் கையால் தீட்டித்தான் இதைச் செய்தார்.

கலந்து தெரிவது பிழையல்ல. நேர் எதிரே நிற்பவருக்கு இரண்டு படமும் பாதிப் பாதி தெரியத்தான் செய்யும். மடிப்பு மூலைமட்டம் போல 90 பாகையில் இருந்தால், ஒரு படம் மட்டும் தெரிய ஆள் 45 பாகை ஒதுங்கி நிற்கவேண்டும். சுவரிலிருந்து 6 அடி தள்ளி நின்றால், பலகையின் விளிம்பைத் தாண்டியும் 6 அடி போகவேண்டும். உங்கள் வழியில் இரண்டு பக்கமும் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இல்லாவிட்டால் வேறு சுவர் தேடுங்கள்.

இனி எல்லாரும் விழும் குழி. 8 அடிப் பலகை என்றதும் அச்சுக்கடையில் 8 அடியில் இரண்டு படம் அடித்துத் தந்துவிடுவார்கள், காசும் அதற்கேற்ப. அது பொருந்தாது. ஒவ்வொரு படமும் 68 அங்குல அகலம்தான். அதை 2 அங்குலமாக 34 கீற்று வெட்டி, பழையது 1, புதியது 1, பழையது 2, புதியது 2 என்று மாற்றி மாற்றி ஒட்டி மடித்தால் சுவரில் 8 அடி வரும். கீற்றுக்குப் பின்னால் இலக்கம் போடுவது நல்லதுதான். ஆனால் கவிழ்த்து அடுக்கும்போது வரிசை வலமிடமாகிவிடும், கவனம்.

1924இன் பழைய பாலம் இரும்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவது. அந்த மெல்லிய கோடுகள் கீற்றுக்குக் கீற்று ஒரு மயிரளவு விலகினாலும் கண்ணில் குத்தும். போட்டோவை அப்படியே போடாமல் பாலத்தை நிழலுருவமாகத் தடித்து வரையுங்கள். இரண்டு படத்திலும் வாவியின் நீர்க்கோட்டை ஒரே உயரத்தில் வையுங்கள். அப்போது நேரே நிற்பவருக்குக் கலந்து தெரிந்தாலும் ஒரே தண்ணீரில் இரண்டு பாலமும் நிற்பதுபோல இருக்கும். உண்மையிலும் அவை பக்கத்தில் பக்கத்தில்தானே நிற்கின்றன!

மினுக்கமான அச்சு வேண்டாம், மெட் போதும். காலை வெயில் ஒரு பக்கமாக விழும் சுவர் என்றால் ஒரு படம் பளிச்சென்றும் மற்றது இருண்டும் போகும். அடி மட்டை மாரியில் ஈரம் குடித்து வளையும், அலுமினியத் தகடு நல்லது.

இதுவரை சொன்னது மேலிருந்து கீழாக ஓடும் மடிப்புக்கு. ஒரேயொரு விதிவிலக்கு, படிக்கட்டு. அங்கே ஆள் நகர்வது மேலும் கீழும், அதனால் மடிப்பைக் கிடையாகப் போடவேண்டும். இறங்கி வருபவருக்கு மேல்முகம், ஏறுபவருக்குக் கீழ்முகம் தெரியும். ஆனால் கூரை விளக்கு மேல்முகத்தில்தான் அதிகம் விழும். ஆகவே இருண்ட படத்தை மேல்முகத்துக்கும் வெளிர் படத்தைக் கீழ்முகத்துக்கும் கொடுங்கள். மேல்முகத்தில் தூசி படியும், வாரம் ஒருக்கால் துடைக்க ஆள் வேண்டும். பல்லி எச்சமும் அங்கேதான். இதையெல்லாம் யோசிக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

லெண்டிகுலர்க்காரர் விஷயம். உண்மையான தாளில் நகத்தால் கீறினால் வரி வரியாகத் தட்டும். தட்டாமல் மின்னினால் அது வெறும் லேசர் ஸ்டிக்கர். அந்த வரிகளுக்கும் அச்சுக்கும் அளவு ஒத்துப்போக, அதே தாளில் அதே மெஷினில் பிட்ச் டெஸ்ட் எடுக்கவேண்டும். எடுத்தீர்களா என்று கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது எடுக்காத படம் பட்டை பட்டையாக மாறும், பிறகு ‘தாளின் குணம் அப்படி’ என்பார்கள்.

நம் பாடசாலைகளில் இன்னொரு கூத்து. மூன்று கொட்டேஷன் வேண்டும், குறைந்தது வெல்லும், தாளில் எழுதியிருப்பது ‘3டி படம், 1’. மாதிரி காட்டு என்று கேட்க மட்டும் எந்தப் படிவத்திலும் இடமில்லை. கணித ஆசிரியர் பக்கத்து வகுப்பில் இருப்பார், அவரிடம் 45 பாகையைக் கேட்கவும் யாருக்கும் தோன்றாது.

அதனால் நீங்களே எழுதிக் கொடுங்கள்: 68 அங்குலத்தில் இரண்டு படம், மெட், 2 அங்குலக் கீற்று, 90 பாகை மடிப்பு, ஒரு அடி அகல மாதிரியை அந்தச் சுவரிலேயே வைத்துப் பார்த்த பிறகே காசு.