ராடு போட்டும் எலும்பு சேரவில்லை, சிகரெட்தான் காரணமா?

எலும்பு, மூட்டு பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் தர்மபுரி எலும்பு முறிவு மருத்துவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 36 வயது. காவேரிப்பட்டணம் பக்கம். மாங்கூழ் ஃபேக்டரிக்கு மினி லாரி ஓட்டுகிறேன். மாம்பழ சீசன் முடிகிற சமயத்தில் பைக்கில் போகும்போது கார் இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே தெரிகிறது. "சிகரெட்டை நிறுத்தாமல் என்னிடம் வராதே" என்று டாக்டர் கோபப்படுகிறார். முன்பு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், இப்போது ஐந்தாறுதான். புகை போவது நெஞ்சுக்கு, உடைந்தது கால். ஆபரேஷனில் நடந்த கோளாறை மறைக்கத்தான் சிகரெட் மேல் பழி போடுகிறாரோ? வீட்டில் புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: தம்பி, உங்கள் டாக்டர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. புகை பிடிக்கிறவர்கள் வரக்கூடாது என்றால் எங்கள் ஆண்கள் வார்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

முதலில் ராடைப் பற்றி. அது எலும்பை ஒட்ட வைக்காது. உடைந்த இரண்டு முனைகளையும் நேராக, ஆடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கட்டிட வேலையில் சென்ட்ரிங் அடிக்கிறோமே, அந்த மாதிரி. கான்கிரீட் உங்கள் ரத்தத்தின் வழியாகத்தான் வர வேண்டும். முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும், அப்புறம் அதற்குள் புது ரத்தக்குழாய்கள் முளைக்கும், குருத்தெலும்பு போல ஒரு மெதுவான பாலம் உருவாகும், பிறகு அது சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும். இத்தனைக்கும் ஆக்சிஜன் தேவை.

இந்த இடத்தில்தான் சிகரெட் குறுக்கே வருகிறது. நிகோடின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஆக, கால் வரை ரத்தம் குறைவாகப் போகிறது, போகிற ரத்தத்திலும் ஆக்சிஜன் குறைவு. எலும்பைக் கட்டும் செல்களையும் நிகோடின் மந்தமாக்குகிறது. புகை நெஞ்சோடு நிற்பதில்லை, தம்பி. ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

அதிலும் உங்களுக்கு உடைந்தது மோசமான இடம். இடது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் நேராக எலும்புதான் தட்டுப்படும், சதையே இல்லை. சதையிலிருந்து வரும் ரத்தம் அந்தப் பக்கம் கிடையாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தபோது சுற்றியிருந்த கொஞ்சநஞ்சக் குழாய்களும் அறுந்திருக்கும். இப்படி வெளியே தெரியும் கீழ்க்கால் முறிவுகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். புகைப்பவர்களுக்கு எலும்பு சேரும் வாய்ப்பு 37 சதவீதம் குறைவு. சீழ் பிடிப்பது இரண்டு மடங்குக்கு மேல், எலும்புக்குள்ளேயே சீழ் இறங்குவது 3.7 மடங்கு.

ஐந்தாறாகக் குறைத்தது நல்லதுதான், ஆனால் போதாது. குறைத்தவர்கள் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"ஐந்து மாதம் போய்விட்டது, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்று மட்டும் நினைக்காதீர்கள். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் மருத்துவர்கள் எலும்பு உடைந்து வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஆறு வாரம் புகையை விட உதவி செய்தார்கள். உடைந்த பிறகு, அவசர ஆபரேஷன் நேரத்தில் தொடங்கிய உதவிதான். 2010-இல் வந்த முடிவு: உதவி பெறாதவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சிக்கல், உதவி பெற்றவர்களில் 20 சதவீதம். சிகரெட்டை விட்ட ஓரிரு நாளிலேயே கார்பன் மோனாக்சைடு ரத்தத்திலிருந்து போய்விடும்.

சரி, எல்லாப் பழியும் சிகரெட்டுக்கா? இல்லை. உங்கள் சந்தேகத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. முறிந்த முனைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா, உள்ளே சீழ் இருக்கிறதா, சர்க்கரை உண்டா, வைட்டமின் டி எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இவ்வளவு பெரிய அடிக்கு ஐந்து மாதம் தாமதம்தான், கை மீறிப் போய்விடவில்லை. சிலருக்கு ராடில் உள்ள ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு நடக்க வைத்தாலே எலும்பு முனைகள் ஒன்றையொன்று அழுத்திச் சேரத் தொடங்கும். சிலருக்கு ராடை மாற்ற வேண்டும், அல்லது இடுப்பிலிருந்து எலும்பெடுத்து வைக்க வேண்டும். எது என்பதை எக்ஸ்ரேயைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அப்படியே விட்டுவிட்டால் ஒரு நாள் ராடே அலுத்துப்போய் முறியும், அதையும் சொல்லிவைக்கிறேன்.

புத்தூர் கட்டு வேண்டாம். உள்ளே ராடும் ஸ்க்ரூவும் இருக்கிற காலை இழுத்துக் கட்டக்கூடாது.

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 71 வயது. பீடிதான் பிடிக்கிறார், சிகரெட் இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். காரணம் தண்ணீரா, பீடியா?
— வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, இரண்டும் இருக்கலாம், வயதும் சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு கெட்டிப்பட்டு, எக்ஸ்ரேயில் வெள்ளை வெளேரென்று தெரியும். பார்க்கத்தான் பலம், அடி பட்டால் எளிதில் முறியும். இந்தத் தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள், போர் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும்.

பீடி சிகரெட்டைவிடச் சாது என்பது வெறும் நம்பிக்கை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடும் நிகோடினும் குறையாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 1997-இல் வந்த ஒரு கணக்குப்படி, பெண்களில் எட்டு இடுப்பெலும்பு முறிவுகளில் ஒன்றுக்குப் புகைதான் காரணம். ஆண்களிடமும் இதே போக்குத்தான். ஆபரேஷன் முடிந்ததும் அவரைப் படுக்கவே வைத்திருக்காதீர்கள், வாக்கர் பிடித்து நடக்க வையுங்கள். ராகிக் களி தாராளமாகக் கொடுக்கலாம், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் களி சாப்பிடுகிறாரே என்று பீடியைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது.

கேள்வி: சிகரெட்டை விட்டுவிட்டு ஹான்ஸ் வைத்துக்கொண்டால் எலும்புக்குப் பாதகமில்லையே?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: பாதகம்தான். புகை இல்லையே தவிர நிகோடின் அதிலும் இருக்கிறது, வாய்ப் புற்றுநோய் தனி. நிறுத்த முடியாமல் தவித்தால் மத்திய அரசின் இலவச எண் 1800112356-க்குப் போன் செய்யுங்கள். நிகோடின் சூயிங்கம் வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு, குறுகிய காலத்துக்கு மட்டும். அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை என்பதால் சிகரெட்டுக்கு அது எவ்வளவோ மேல்.