கார் கேள்வி–பதில்: மனம் வந்தால் அடிக்கும் ஹாரன்

(திருச்சியில் 28 வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் கார் 2013 மாடல், ஏர்பேக் உள்ளது. மூன்று மாதமாக ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை. ஜோடி ஹாரனும் புதிதாக மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி பழைய கதைதான். ஃபியூஸ் நன்றாக இருக்கிறதாம். கடையில் கொண்டுபோய்க் காட்டினால் அங்கே மட்டும் ஒழுங்காக அடித்துத் தொலைக்கிறது. இப்போது ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
பி.கு.: பஸ் ஸ்டாண்டு வளைவில் திரும்பும்போதுதான் அதிகம் காலை வாருகிறது. ஆறு மாதம் முன்பு ஸ்டீயரிங் ராக் மாற்றினேன். அதற்கப்புறம் ஏர்பேக் விளக்கும் ஒன்றிரண்டு முறை எரிந்து அணைந்தது. அது வேறு விஷயம் என்று நினைக்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அது வேறு விஷயம் இல்லை சார். நீங்கள் பின்குறிப்பில் போட்டதுதான் விஷயமே. ஒயரிங்கில் கை வைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

நாம் ஸ்டீயரிங்கில் அழுத்தும்போது ஹாரனுக்கு நேராகக் கரன்ட் போவதில்லை. ஒரு ஹாரன் நான்கைந்து ஆம்பியர் இழுக்கும், ஜோடி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. அவ்வளவு கரன்ட்டை ஸ்டீயரிங் சுவிட்ச் தாங்காது. அதனால் பானெட்டுக்கு அடியில் ஒரு ரிலே, அதாவது சின்னக் கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச், இருக்கிறது. நீங்கள் அழுத்தினால் அந்த ரிலேவுக்கு எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடைக்கும், அது 'டிக்' என்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம்தான் பேட்டரிக் கரன்ட் ஹாரனுக்குப் போகும். பழுது எங்கே என்பதை அந்த 'டிக்' சொல்லிவிடும். ஹாரன் அடிக்காத நேரத்தில் ரிலே 'டிக்' என்றால், கோளாறு ரிலே முனையிலோ அதைத் தாண்டியோ, ஒயர், கப்ளர் (ஒயரைச் சொருகி இணைக்கும் இடம்), ஹாரன், எர்த் என்று எங்கோ இருக்கிறது. 'டிக்' சத்தமே இல்லையா, அது ஸ்டீயரிங் பக்கம். சில புதிய வண்டிகளில் ரிலே கன்ட்ரோல் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், காதில் விழாது. அதற்கு மீட்டர்தான் வழி.

உங்கள் வண்டியில் எனக்குச் சந்தேகம் ஸ்பைரல் கேபிள் மேல். கிளாக் ஸ்பிரிங் என்றும் சொல்வார்கள். ஸ்டீயரிங் சக்கரம் சுற்றும், அதைத் தாங்கும் தண்டின் வெளிக்கூடு சுற்றாது. இரண்டுக்கும் நடுவில் ஒயர் அறுந்துபோகாமல் கரன்ட் போக வேண்டுமே? அதற்காக ஒரு வட்டப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நாடா மாதிரி தட்டையான கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். ஹாரனும் ஏர்பேக்கும் அந்த ஒரே நாடாவில்தான் போகின்றன. ஹாரனும் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து தகராறு செய்தால் நான் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

போன வருடம் ஒரு வண்டியில் கழற்றிய டப்பாவைப் பிரித்து, நாடாவைச் சுட்டுவிரலில் சுற்றி லைட்டில் காட்டினேன். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். நேராகப் பிடித்தால் செப்பு ஒட்டிக்கொள்கிறது, லேசாக வளைத்தால் பிரிகிறது. வண்டிக்காரர் கையில் கொடுத்தேன், அவரும் நாலு தடவை வளைத்துப் பார்த்துவிட்டு, "இதற்கா மூணு ஹாரன் வாங்கினேன்?" என்றார்.

ராக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதி. அதை மாற்றும்போது ஸ்டீயரிங் தண்டைக் கழற்றுவார்கள். அந்த நேரம் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கட்டி வைக்காமல் விட்டால், யாராவது சும்மா ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். அப்புறம் மாட்டும்போது நாடா நடுவில் இருக்காது. ஒரு பக்கம் முழுதாக ஒடித்தால் இழுபடும், மாதக்கணக்கில் இழுபட்டு விரிசல் விடும். உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்பது என் கணிப்பு.

கணிப்பை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே காலி இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஹாரனை அழுத்துங்கள். அப்புறம் கால் சுற்று இடது, அரைச் சுற்று, முழு ஒடிப்பு. வலது பக்கமும் அப்படியே. பானெட் பக்கம் ஒருவர் நின்று ரிலேவைக் கேட்கட்டும். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் 'டிக்' நின்றுபோனால் ஸ்பைரல் கேபிள்தான். கோணம் எதுவானாலும் சரி, ஸ்டீயரிங் நடுவில் நாம் அழுத்தும் பேடின் ஓரத்தில் அழுத்தினால் அடிக்கிறது, நடுவில் அடிக்கவில்லை என்றால் பேடுக்கு அடியிலுள்ள கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. 'டிக்' ஒவ்வொரு தடவையும் கேட்டும் சத்தம் வரவில்லையா, நான் சொன்னது தப்பு, ரிலேவைப் பாருங்கள். அதே நம்பர் ரிலே பெரும்பாலும் அந்த ரிலே பெட்டியிலேயே இன்னொன்று இருக்கும், இடம் மாற்றிச் சொருகிப் பார்க்கப் பத்துப் பைசா செலவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் ஏர்பேக்கை வீட்டில் கழற்றாதீர்கள். ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கப்ளரில் டெஸ்ட் லேம்ப் வைப்பது, மீட்டரில் ஓம்ஸ் பார்ப்பது எதுவும் கூடாது, பை வெடித்து முகத்தில் அடிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டியின் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாட்டுகிறவர் முன்சக்கரத்தை நேராக வைத்துத்தான் மாட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய கேபிளை நடுவில் நிறுத்தி, திரும்பாமல் ஒரு பூட்டுப் போட்டுத்தான் டப்பாவில் அனுப்புவார்கள். அதை முன்னாலேயே பிடுங்கிவிட்டுச் சுற்றி விளையாடினால், முதல் யூ-டர்னிலேயே புதுசும் போய்விடும்.

கேள்வி: எங்களுடையது பழைய கார், ஏர்பேக் எல்லாம் கிடையாது. மழை பெய்த மறுநாள் காலையில் ஹாரன் வாயே திறக்காது. வெயில் ஏறினால் கரகரவென்று ஆரம்பித்து, மதியம் சரியாகிவிடும். ஹாரன் போய்விட்டதா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஹாரனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. கடற்கரைக் காற்று உப்புக் காற்று. ஹாரன் உட்கார்ந்திருப்பது பம்பருக்குப் பின்னால், மழைத் தண்ணீரும் சேறும் நேராக அடிக்கும் இடத்தில். கப்ளரை உருவிப் பாருங்கள், உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். உப்புத்தாளை மெல்லிசாக மடித்துச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, கொஞ்சம் வாஸ்லின் தடவி மாட்டுங்கள். ஹாரனின் வாய் மேல் நோக்கி இருந்தால் கீழே பார்த்த மாதிரி திருப்பி வைக்கச் சொல்லுங்கள், தண்ணீர் தேங்காது.

அப்புறம் எர்த். பழைய வண்டிகள் பலவற்றில் ஹாரனுக்கு ஒரே ஒயர்தான், எர்த்தை அது மாட்டியிருக்கும் இரும்புப் பட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். என் கடைக்கு ஒரு டாக்சி வந்தது, மூன்று ஹாரன் மாற்றியும் அதே தகராறு. பார்த்தால், ஏதோ விபத்துக்குப் பிறகு டிங்கரிங் செய்தவர்கள் பட்டைக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்து, பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாகத்தான் எப்படியோ எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. ஸ்பானரால் கழற்றி, அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி மாட்டினேன். டாக்சிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

இதை உங்கள் மெக்கானிக்கே மீட்டரில் பார்க்கலாம். ஹாரனை அழுத்தியபடி, ஹாரன் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மீட்டர் இல்லையா, ஹாரனைக் கழற்றி ஃபியூஸ் போட்ட ஒயரில் நேராகப் பேட்டரியில் கொடுங்கள். அங்கே சுத்தமாக அடித்தால் ஹாரன் மேல் பழியில்லை. அங்கேயும் கரகரத்தால், பின்பக்கம் உள்ள சின்ன ஸ்குரூவைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்து பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் புதுசு வாங்குங்கள்.

போகிற போக்கில் எலியையும் பார்த்துவிடுங்கள். மழைக்கு எஞ்சின் சூட்டைத் தேடி வந்து படுக்கும், ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். பாதி அறுந்த ஒயர் ஈரத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும்.

கேள்வி: பெரிய சத்தம் வரும் ஹாரன் மாட்டினேன். அரை மணி நேரம் ஓடினால் அடிப்பதில்லை. ஆறினால் அடிக்கிறது. இதை எடுத்துவிட்டு ஏர் ஹாரன் போட்டுவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பழைய ஹாரனின் ரிலேவிலேயே பெரிய ஹாரனைக் கொடுத்திருப்பீர்கள். ரிலேவைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே முனை கருகியிருக்கும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தடிமனான ஒயர், தனி ரிலே போட்டால் சரியாகும்.

ஏர் ஹாரன் வேண்டாம். மாறி மாறி ராகம் பாடுவதும் காதைக் கிழிப்பதும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 119-ஆம் விதிப்படி கூடாது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தாலே முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000 என்று 2019 திருத்தத்தில் போட்டிருக்கிறார்கள். என் கடைக்கு வந்து கேட்டாலும் மாட்டித் தர மாட்டேன், கடைக்கு எதிரே பள்ளிக்கூடம்.