குழந்தையோடு டிரெய்லர் பயணம்: எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது?

கேள்வி: நாங்கள் பெருந்துறை. வீட்டுக்காரர், நான், மூன்று வயது மகள், கூட எங்க அம்மா. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் டிரெய்லர் ஒன்றை ஆறு நாளுக்கு வாடகைக்குப் பேசியிருக்கிறோம். முதலில் வால்பாறை, அப்புறம் தஞ்சாவூர் பக்கம் என்று திட்டம். இணையத்தில் பார்த்தால் ஆளாளுக்கு நீளமாகப் பட்டியல் போடுகிறார்கள். மடக்குத் தொட்டில், பாட்டில் சூடாக்கும் கருவி, சின்ன ஃபிரிட்ஜ், பந்தல் போல விரிக்கிற கூடாரம் என்று நிறையப் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் காசு கட்டவில்லை. எதை வாங்கலாம், எதை விடலாம்? (வாசகி, பெருந்துறை)

பதில்: காசு கட்டாமல் கேட்டது நல்லதாகப் போயிற்று அம்மிணி. சாமானுக்கு முன்னால் ஊரைப் பேசிவிடலாம். வால்பாறையை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆழியாரிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவு. வெறும் காரில் போகிறவர்களே எதிரில் பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். பின்னால் டிரெய்லர் தொங்கினால் அது வளைவின் உட்பக்கமாகவே இழுத்துக்கொண்டு வரும், நின்றுவிட்டால் பின்னுக்கு எடுப்பதும் லேசில்லை, இறங்கும்போது அதன் பாரமும் சேர்ந்து காரைத் தள்ளும். கொல்லிமலைக்கு 70 வளைவு, திம்பத்துக்கு 27, அங்கேயும் இதே நிலைதான். நீங்கள் சென்னிமலை, காங்கேயம் வந்து வெள்ளகோவில், கரூர், திருச்சி என்று போய்த் தஞ்சாவூரை அடைந்தால் மலை ஏறும் வேலையே இல்லை. வால்பாறைக்கு இன்னொரு முறை காரில் மட்டும் போய் ரூம் எடுத்துத் தங்குங்கள்.

சரி, இப்போது சாமான். டிரெய்லர் ஓடும்போது அதற்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. அம்மா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று தோன்றும், பாப்பா தூங்கிவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம் என்றும் தோன்றும், இரண்டும் வேண்டாம். டிரெய்லருக்குள் சீட் பெல்ட் கிடையாது, உள்ளே என்ன நடந்தாலும் முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அப்படியானால் டிரெய்லரில் ஏற்றியது எதுவும் அடுத்த நிறுத்தம் வரை உங்கள் கைக்கு வராது. அதனால் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் தாளில் ஒரு கோடு போட்டு, ஓடும்போது வேண்டியது ஒரு பக்கம், நின்ற பிறகு வேண்டியது மறுபக்கம் என்று பிரித்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

ஓடும்போது வேண்டியதெல்லாம் ஒரே பையில், காரில், உங்கள் அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு செட் துணி, டயப்பர், ஈரத் துடைப்பான், வாந்தி எடுத்தால் பிடிக்க மூடியுள்ள சின்ன டப்பா, ஒரு துண்டு, தண்ணீர், நொறுக்கு, மருந்துப் பை, அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு பொம்மை. அவள் உட்கார்ந்து மலஜலம் கழிக்க, மடக்கிக் கொண்டுபோகிற சின்னக் கழிவறை இருக்கையும் காரில்தான். கரூர் தாண்டி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது அவள் அவசரம் என்று சொன்னால், பாதுகாப்பாக ஓரம் கட்டி டிரெய்லரைத் திறந்து தேடுவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

நீங்கள் பார்த்து வைத்ததில் கார் சீட் இல்லை, எனக்கு அதுதான் மனதை உறுத்துகிறது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் வாங்குங்கள். மடியில் வைத்துக்கொள்கிறோமே என்பார்கள். வண்டி வேகத்தில் போய் ஒன்றில் மோதினால் மூன்று வயதுக் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. சட்டமும் இருக்கிறது: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அவள் எடைக்குப் பொருந்துகிற, ஐந்து இடத்தில் பிடிக்கிற வார் உள்ள இருக்கையாகப் பாருங்கள். பின்புறம் ஒட்டியிருக்கும் லேபிளில் வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும், கூடவே R44 அல்லது R129 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியத் தரம் என்றால் AIS-072. உங்கள் காரின் பின் சீட்டில் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரும்புக் கம்பி தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் ஐசோஃபிக்ஸ் இருக்கையைக் கம்பியிலேயே மாட்டலாம். இல்லையென்றால் பெல்ட்டில் கட்டுகிற வகையை வாங்குங்கள். காரையும் குழந்தையையும் கடைக்கே கூட்டிப் போய், மாட்டி, உட்காரவைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதுதான் சரி. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே கூட்டிப் போனால் அவளுக்கும் பழகிவிடும்.

அடுத்தது பாரம். டிரெய்லர்காரரிடம் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: காலி எடை எவ்வளவு, அதிகபட்ச எடை எவ்வளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. உதாரணத்துக்குக் காலி எடை 750 கிலோ, அதிகபட்சம் 1,000 கிலோ என்றால் உங்களுக்கு 250 கிலோ. அதில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை வீட்டிலேயே நிரப்பினால் 100 கிலோ போய்விட்டது. அதனால் தொட்டியைக் கால்வாசி நிரப்பிக்கொண்டு கிளம்பி, தங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும், டிரெய்லரின் மொத்த எடை அதற்குள் வர வேண்டும். அரிசி, பருப்பு, குக்கர், தண்ணீர் கேன் எல்லாம் தரையோடு, சக்கரத்துக்கு மேலே வருகிற இடத்தில். மேல் அலமாரியில் துணியும் டயப்பரும் மட்டும். பின்பக்கம் கனமாக ஏற்றினால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளிய ஆரம்பிக்கும். நெளிந்தால் சடாரென்று பிரேக் போடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மடக்குத் தொட்டில் வேண்டாம், மூன்று வயதுக்குக் கீழ்ப் படுக்கை போதும், ஓரத்தில் சுருட்டிய போர்வையை அணை கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் படுங்கள். மேல் படுக்கையில் அவளைப் படுக்கவைக்க வேண்டாம். பாட்டில் சூடாக்கும் கருவிக்கு ஒரு பாத்திரம் வெந்நீர் போதும். சின்ன ஃபிரிட்ஜ் டிரெய்லரிலேயே இருக்கலாம், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கூடாரத்துக்குப் பதில் பவானி ஜமக்காளம் ஒன்று எடுங்கள். மரத்தடியில் விரித்தால் நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிடலாம், மண் ஒட்டினால் உதறிவிடலாம், ஊர் திரும்பிய பிறகும் பல வருடம் உழைக்கும். ஜமக்காளம் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட சரக்கு. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள். கைத்தறி முத்திரை பார்த்துக் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள், அந்தக் காசு நெசவாளிக்குப் போய்ச் சேரட்டும். போர்வை வேண்டுமென்றால் சென்னிமலை உங்கள் வழியில்தான் இருக்கிறது.

சமையலுக்கு நம்ம அரிசிம்பருப்பை விட்டால் வேறு எது? அரிசி, துவரம்பருப்பு, சீரகம், மிளகு, மஞ்சள்தூள் எல்லாம் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று வீட்டிலேயே அளந்து கட்டிவிடுங்கள். போய் இறங்கியதும் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரித்துத் தாளித்துக் குக்கரில் வைத்தால் ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சாப்பாடு. மேலே கொஞ்சம் ஊத்துக்குளி நெய் விட்டால் பாப்பாவும் மறுக்காமல் சாப்பிடுவாள். கடைக்காகத் தேடி அலையும் வேலையும் மிச்சம்.

கேஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வீட்டுச் சிலிண்டரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 5 கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினால் கேஸ் ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள டியூப், ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும், சமைக்கும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. அதைக் காட்டிக் கொடுக்கிற சின்ன அலாரம் கடையில் கிடைக்கிறது, தொட்டிலுக்கு ஒதுக்கிய காசில் அதை வாங்குங்கள்.

மருந்துப் பைக்கு வருவோம். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓஆர்எஸ் என்றால் தூளாக வரும் பாக்கெட்டாக வாங்குங்கள், அதில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று எழுதியிருக்க வேண்டும். பழச்சுவையோடு, சர்க்கரையைக் கொட்டி, பெயரில் மட்டும் ஓஆர்எஸ் என்று போட்டு விற்ற பானங்களுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்கு அதிகச் சர்க்கரை கொடுத்தால் போக்கு கூடத்தான் செய்யும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதிப் பாதியாக அல்ல. அப்புறம் காய்ச்சலுக்கான பாராசிட்டமால். சொட்டு மருந்தில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. பாட்டில் மாறினால் அளவும் மாறும். அதனால் டாக்டரிடம் அவள் எடைக்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பாட்டிலிலேயே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இருமல் சிரப் வாங்கிப் போகவே வேண்டாம், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது.

குடிக்கிற தண்ணீர் முதல் இரண்டு நாளுக்காவது வீட்டுத் தண்ணீராக இருக்கட்டும். டிரெய்லர் தொட்டித் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். கழிவறையில் ஈரத் துடைப்பானைப் போட்டுவிட வேண்டாம், அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யும் செலவை உங்கள் தலையில் கட்டுவார்கள்.

கேள்வி: எங்க பெரியம்மா பையன் அவர் குழந்தைக்கு வாங்கிய கார் சீட்டைச் சும்மா தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வாங்கலாம், அவரிடம் வெட்கப்படாமல் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு. அந்தச் சீட் இருந்த கார் எப்போதாவது மோதியிருக்கிறதா? மோதியிருந்தால் வேண்டாம், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கலாம். எந்த வருடம் செய்தது? அடிப்பக்க லேபிளில் தயாரித்த தேதி இருக்கும், பல கம்பெனிகள் காலாவதி தேதியும் போடுகின்றன. லேபிள் கிழிந்து போன சீட்டையும் விட்டுவிடுங்கள். தந்தது அண்ணன் என்பதற்காக எடை பொருந்தாததை மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கேரவன் வாடகை முடிந்து திருப்பி விட்டபோது, அடிப்பக்கம் கீறல் என்று சொல்லி முன்பணத்தில் 15,000 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். எடுக்கும்போதே இருந்த கீறலா என்று எனக்குத் தெரியாது. பில்லும் தரவில்லை. (வாசகர், நாமக்கல்)

பதில்: எந்தப் பாகம், என்ன வேலை, எவ்வளவு செலவு என்று பில்லோடு விவரம் தரும்படி மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ எழுதிக் கேளுங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக்காரர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் நாமக்கல்லிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

அடுத்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டிரெய்லருக்குத் தனியாக ஆர்சி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். நாமே ஓட்டுகிற வாடகைக் காரும் சேர்த்து எடுத்தால் நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும்; வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 2419 என்றால் 2019-ன் 24-வது வாரம் செய்தது. டிரெய்லர் பல மாதம் நின்றே கிடப்பதால் தேயாத டயரிலும் வெடிப்பு விட்டிருக்கும், அதையும் பாருங்கள். அப்புறம் டிரெய்லரைச் சுற்றி, உள்ளே, குனிந்து அடிப்பக்கம், எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உடனே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கே அனுப்பிவிடுங்கள். திருப்பி விடும்போதும் அதே மாதிரி.